4ஜி63 டர்போ எஞ்சினுக்கு ஏ.ஆர்.பி. ஹெட் ஸ்டட்: வீட்டில் மாற்றிய பின் என் மதிப்பீடு

கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் நிற்கும் புரோட்டோன் வீராவுக்குள் இருப்பது, மிட்சுபிஷி லான்சர் எவலூஷனில் இருந்து எடுத்த 4ஜி63 டர்போ எஞ்சின். எவலூஷனின் முதல் மூன்று தலைமுறைகளுக்கும் வீராவுக்கும் அடித்தளம் ஒன்றே என்பதால், இந்த எஞ்சினை வீராவில் இறக்குவது மலேசியாவில் நீண்ட காலமாக நடந்துவரும் வேலை. நான் வாங்கியபோதே இந்தக் காரில் அந்த வேலை முடிந்து, பதிவும் முறையாக மாற்றப்பட்டிருந்தது. சென்ற ஆண்டு சற்றுப் பெரிய டர்போ ஒன்றைப் பொருத்தி, டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் பூஸ்ட் அழுத்தத்தை 1.6 பார் வரை ஏற்றினேன். அதற்குப் பின் தொடங்கிய ஒரு கோளாறுதான், எஞ்சின் பிளாக்கின் மேல் மூடிபோல் அமரும் சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுகளை எடுத்துவிட்டு, போல்ட், ஸ்டட் தயாரிக்கும் ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஸ்டட் செட்டை (ஸ்டட் என்பது தலையில்லாமல் இரு முனையிலும் மரை உள்ள கம்பி) பொருத்தும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது.

கோளாறு சத்தமில்லாமல் வந்தது. நெடுஞ்சாலையில் இரண்டு மூன்று முறை முழு பூஸ்டில் ஓட்டிவிட்டு வீடு திரும்பினால், கூலன்ட் ரிசர்வ் தொட்டியில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருக்கும். எஞ்சின் ஆறிய பிறகும் அது முழுமையாக ரேடியேட்டருக்குத் திரும்பாது. மறுநாள் காலையில் மேல் ரேடியேட்டர் ஹோஸை அழுத்திப் பார்த்தால், இரவெல்லாம் ஆறிய பின்னும் விறைப்பாகவே இருக்கும். எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, புகைபோக்கியில் வெண்புகையும் இல்லை. ரேடியேட்டர் மூடியை மாற்றினேன், தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், பயனில்லை. நிதானமாக ஓட்டும் நாள்களில் எதுவும் நேராமல், பூஸ்ட் ஏறும் நாள்களில் மட்டும் மட்டம் உயர்ந்ததை இரண்டு வாரம் குறித்துவைத்த பிறகே, அழுத்தத்தின் உச்சத்தில் ஹெட் ஒரு கணம் பிளாக்கை விட்டு எழும்புகிறது, அந்த இடைவெளியில் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட் வழிக்குள் புகுகிறது என்பது உறுதியானது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 4ஜி63-இன் சிலிண்டர் விட்டம் 85 மில்லிமீட்டர். எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் 100 பார் அழுத்தம் எழுவதாகக் கொண்டால், அந்த வட்டப் பரப்பின் மேல் ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 5.8 டன் எடைக்குச் சமம். அதைத் தாங்கி நிற்க மொத்தம் பத்து போல்ட்டுகள்தாம் இருக்கின்றன. நடுவில் உள்ளவற்றை அடுத்தடுத்த சிலிண்டர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. இறுக்கப்பட்ட போல்ட் உண்மையில் இழுத்துப் பிடித்த ஒரு கெட்டியான ஸ்பிரிங்தான். அது எவ்வளவு நீண்டிருக்கிறதோ அவ்வளவு பிடிப்பு விசை கிடைக்கிறது. தொழிற்சாலை போல்ட்டை மிட்சுபிஷியின் முறைப்படி 78 நியூட்டன்மீட்டருக்கு இறுக்கி, முழுவதும் தளர்த்தி, மீண்டும் 20 நியூட்டன்மீட்டருக்கு இறுக்கி, அதன்பின் 90 பாகை, மேலும் 90 பாகை என்று திருப்ப வேண்டும். அந்தக் கடைசித் திருப்பங்களில் போல்ட் தன் மீள்திறனின் எல்லை வரை நீட்டப்படுகிறது. தொழிற்சாலை பூஸ்டில் அது முற்றிலும் நம்பகமான ஏற்பாடு. ஆனால் என் எஞ்சினில் இருந்த போல்ட்டுகள் எத்தனை முறை கழற்றி மாட்டப்பட்டன என்று சொல்ல ஆளில்லை. கழற்றியபின் வெர்னியரில் அளந்தபோது, இரண்டு போல்ட்டுகள் மற்றவற்றைவிடக் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு நீண்டிருந்தன.

ஸ்டட்டின் அடிப்படை நன்மை மிக எளிமையானது. போல்ட்டை இறுக்கும்போது அது முறுக்கையும் இழுவையையும் ஒருசேரத் தாங்க வேண்டியிருக்கிறது. அதன் மரை பிளாக்கின் இரும்பு மரைக்குள் பாரத்தோடு உரசியபடியே சுழல்கிறது. ஸ்டட்டோ முதலில் பாரமில்லாமல் பிளாக்கில் அமர்ந்துவிடுகிறது. பிறகு மேலிருக்கும் நட்டை இறுக்கும்போது பெரும்பாலும் நேர் இழுவை மட்டுமே அதன் மேல் விழுகிறது. ஏ.ஆர்.பி. தன் ஸ்டட்டுகளைப் பல தர எஃகுகளில் செய்கிறது. 8740 குரோமோலி எஃகு பரவலாகப் புழங்குவது; ஏ.ஆர்.பி.2000 அதைவிட வலுவானது. எல்19 அதற்கும் மேலே, ஆனால் ஈரத்தையும் வெறுங்கை வியர்வையையும் தாங்காத குணமுடையது என்பதால், அன்றாடம் ஓடும் காருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். என் தேர்வு 8740. பெட்டியில் பத்து ஸ்டட்டுகள், பன்னிரண்டு முனை நட்டுகள், இருபுறமும் இணையாகத் தேய்த்த வாஷர்கள், அல்ட்ரா-டார்க் என்ற மசகு, அறிவுறுத்தல் தாள் ஆகியவை இருந்தன. மரைகளில் விரலை ஓட்டினால் எங்கும் தடங்கவில்லை. நட்டை ஸ்டட்டின் நுனியில் வைத்துச் சுண்டினால் தன் எடையிலேயே சுழன்று இறங்கியது.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, 4ஜி63 எல்லாம் ஒன்றல்ல. ஃபிளைவீலைக் கிராங்கோடு இணைக்கும் போல்ட்டுகளின் எண்ணிக்கையை வைத்து ஆறு போல்ட், ஏழு போல்ட் என்று பிரித்துச் சொல்லப்படும் இரு வகைகளில் ஹெட் போல்ட்டின் விட்டமே வேறு. முன்னதில் 12 மில்லிமீட்டர், பின்னதில் 11 மில்லிமீட்டர். எஞ்சின் மாற்றிய காரில் பதிவுப் புத்தகத்தை நம்பாமல், ஒரு போல்ட்டை அளந்துவிட்டு ஆர்டர் செய்வதே பாதுகாப்பு. இரண்டாவது, போலிகள். நான் முதலில் ஓர் இணைய விற்பனையாளரிடம் பாதி விலைக்கு வாங்கிய செட் வந்தபோது, அட்டைப்பெட்டி அச்சு அசல் போலவே இருந்தது. ஆனால் உள்ளே மசகு இல்லை, வாஷரைக் கண்ணாடி மேல் வைத்தால் ஆடியது, ஒரு நட் பாதி மரையில் இறுகி நின்றது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டித் தரும் ஒரு பட்டறை வழியாக அசல் செட்டை 780 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். இந்த விலை வித்தியாசத்தில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது, பிளாக்கையே பணயம் வைப்பதற்குச் சமம்.

ஹெட்டைக் கழற்றாமலேயே, ஒரு போல்ட்டை எடுத்து ஒரு ஸ்டட்டை வைத்து, இறுக்கும் வரிசைப்படி ஒன்றொன்றாக மாற்றும் குறுக்குவழி இந்த எஞ்சின் வைத்திருப்பவர்களிடையே பெயர்பெற்றது. கேம்ஷாஃப்டுகளைக்கூட எடுக்கத் தேவையில்லை, டைமிங் பெல்ட்டைத் தொட வேண்டியதில்லை, ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கட் நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினுக்கு இது ஏற்கத்தக்க வழி என்பதை மறுக்கவில்லை. என் எஞ்சினில் ஹெட் ஏற்கனவே எழும்பியிருந்ததால், அடியில் கேஸ்கட்டும் மேற்பரப்பும் என்ன நிலையில் இருக்கின்றன என்று பார்க்காமல் விட மனம் ஒப்பவில்லை. ஆகவே மச்சானைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, முற்றிலும் ஆறிய எஞ்சினில், வெளி ஓரத்திலிருந்து நடு நோக்கிப் பல சுற்றுகளாகத் தளர்த்தி, ஹெட்டைக் கழற்றி எடுத்தோம். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு இடையில் கேஸ்கட் கருத்திருந்தது. நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்ததில் ஹெட்டில் வளைவு பெரிதாக இல்லை என்றாலும், பல அடுக்கு எஃகுக் கேஸ்கட் போடப் போவதால் லேசாகத் தளப்படுத்த மெஷின் ஷாப்புக்குக் கொடுத்தேன்.

பிறகு வந்த வேலையைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்; அது பிளாக்கின் துளைகளைச் சுத்தம் செய்வது. இந்தத் துளைகளின் அடி மூடியது. ஹெட்டை எடுக்கும்போது வழியும் ஆயிலும் கூலன்ட்டும் அவற்றில் போய்த் தங்கும். அதன் மேல் ஸ்டட்டையோ போல்ட்டையோ இறக்கினால், நீர்மம் அமுங்காது என்பதால் முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் பொய்யான அளவைக் காட்டும். கெட்ட வேளையாக இருந்தால் பிளாக்கே விரிசல் விடும். ஊசியில்லாத சிரிஞ்சின் முனையில் மெல்லிய குழாயைச் செருகி ஒவ்வொரு துளையாக உறிஞ்சினோம். ஏழாவது துளையில் காய்ந்துவிட்டது என்று நினைத்து, வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி விட்டு எடுத்தபோது, நுனியில் ஓர் அங்குலம் கறுப்பாக நனைந்து வந்தது. மறுபடி பிரேக் கிளீனர் அடித்து, உறிஞ்சி, காற்று ஊதி, துணி விட்டு, நான்காவது முறைதான் துணி வெள்ளையாகவே வந்தது. மரையைத் துலக்க, வெட்டும் டேப்பைப் பயன்படுத்தக் கூடாது. அது நல்ல உலோகத்தையும் சீவிவிடும். மரை துலக்குவதற்கென்றே உள்ள சேசரைக் கையால் மட்டும் சுழற்ற வேண்டும். பத்துத் துளைகளுக்கு எங்களுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. ஒரு நிமிடம்கூட வீணானதாக நான் நினைக்கவில்லை.

ஸ்டட்டை மேல் நுனியில் உள்ள ஆலன் துளை வழியாக விரல் பலத்தில் மட்டும் இறக்கி அமர்த்த வேண்டும் என்று தாள் சொல்கிறது. அதை இறுக்கமாக முறுக்கிப் பொருத்தும் பழக்கம் பலரிடம் இருப்பதை நேரில் கண்டிருக்கிறேன், அது தவறு. நட்டுக்குக் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டும் வேலையைச் செய்கிறது. மீதி ஒன்பது பங்கும் வாஷரின் மேலும் மரையிலும் உரசலில் கரைகிறது. அதனால்தான் மசகு இங்கே உயிர்நாடி. தாளில் உள்ள முறுக்கு அளவு அல்ட்ரா-டார்க் பூசியதற்கு மட்டுமே பொருந்தும். அதே எண்ணை வைத்துக்கொண்டு எஞ்சின் ஆயில் தடவி இறுக்கினால் ஸ்டட் தேவையான அளவு நீளாது, பிடிப்பும் குறைந்துபோகும். மரையிலும், நட்டின் அடிமுகத்திலும், வாஷரின் மேல்முகத்திலும் பூசினோம். நடுவிலிருந்து வெளி நோக்கி, இறுதி அளவை மூன்று சம படிகளாகப் பிரித்து இறுக்க வேண்டும். இறுதி அளவு 90 நியூட்டன்மீட்டர் என்றால் 30, 60, 90 என்பது போல. மசகு சரியாகப் பூசிய நட் நின்று நின்று துள்ளாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவது போலத் திரும்பி, க்ளிக் என்று நிற்கும். நான்காவது நட் மட்டும் கிறீச்சிட்டது. அதைக் கழற்றிப் பார்த்ததில் வாஷர் மேல் மசகு பட்டிருக்கவில்லை. துடைத்து, பூசி, மீண்டும் முதல் படியிலிருந்து இறுக்கினோம்.

டார்க் ரெஞ்சைப் பற்றியும் ஒரு சொல். ஐ.எஸ்.ஓ. 6789 தரத்தின்படி நல்ல க்ளிக் ரெஞ்சுக்கே 4 சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதி உண்டு. பல ஆண்டுகள் ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலேயே கருவிப்பெட்டியில் கிடந்த ரெஞ்ச் அதைவிடப் பல மடங்கு பிழை காட்டலாம். இந்த வேலைக்கு முன் என் ரெஞ்சை அளவு சரிபார்க்கக் கொடுத்தேன். கேம்ஷாஃப்டுகளுக்கு நடுவே சாக்கெட் நுழைய இடம் குறைவு. சுவர் மெல்லியதான பன்னிரண்டு முனை சாக்கெட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

டைமிங் பெல்ட்டைக் குறிகளுக்கு நேராக வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிச் சரிபார்த்த பிறகே ஸ்டார்ட் செய்தேன். ஹைட்ராலிக் அட்ஜஸ்டர்களில் ஆயில் நிறையும் வரை சில நிமிடங்கள் டிக் டிக் என்ற ஒலி வரும், அஞ்சத் தேவையில்லை. மறுநாள் ஆறிய எஞ்சினில் அதே அளவுக்கு ரெஞ்சை வைத்துப் பார்த்தபோது, பத்து நட்டுகளும் அசையாமல் க்ளிக் கொடுத்தன.

தொழிற்சாலை பூஸ்டில் ஓடும் எஞ்சினுக்கு இந்த செட் தேவையில்லை. புதிய அசல் போல்ட்டுகளும் ஒரு கோணமானியும் போதும். வளைந்த ஹெட்டையோ கீறல் விழுந்த பிளாக்கையோ எந்த ஸ்டட்டும் நேராக்காது. எஞ்சினை முழுவதும் புதிதாகக் கட்டுபவர்கள், சிலிண்டர் துளைகளின் உள்சுவரைத் தேய்த்து ஹோன் செய்யும்போதே, ஹெட்டுக்குப் பதிலாக அதே இறுக்கத்தைத் தரும் டார்க் பிளேட்டை இதே ஸ்டட்டுகளால் இறுக்கச் சொல்லி மெஷின் ஷாப்பில் கேட்க வேண்டும். கூடுதல் பிடிப்பில் துளையின் வட்டம் சிறிது மாறும். இனி ஹெட்டை எடுக்க நேர்ந்தால், பத்து ஸ்டட்டுகளின் நீளத்துக்கும் மேலாக அதை நேராகத் தூக்க வேண்டியிருக்கும் என்பதால், ஒருவரால் ஆகிற வேலை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வேலை முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பூஸ்ட் அதே 1.6 பாரில்தான் இருக்கிறது. ரிசர்வ் தொட்டியின் பக்கவாட்டில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நேற்று இரவு ஷா ஆலம் வரை முழு பூஸ்டில் போய்வந்து, இன்று காலை போனட்டைத் திறந்தபோது கூலன்ட் அந்தக் கோட்டிலேயே நின்றது; மேல் ஹோஸை அழுத்தினால் விரல் எளிதாக உள்ளே போனது.