பெலொப்பொனேசியப் போர்: அச்சமா, கொரிந்தின் கோபமா, மெகாரா தடையா?

கி.மு. 431இல் கிரேக்க நகர அரசுகளான ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் தொடங்கிய போர், இடையில் சில ஆண்டுகள் பெயரளவுக்கு ஓய்ந்தாலும், 404இல் ஏதென்ஸ் சரணடைந்த பிறகுதான் முடிந்தது. எதனால் மூண்டது என்பதற்கு அந்தக் காலத்திலேயே மூன்று பதில்கள் இருந்தன.

முதலாவது துசிடிடீஸ் சொன்னது. ஏதென்ஸின் தளபதியாக இருந்து, நாடுகடத்தப்பட்டு, இந்தப் போரின் வரலாற்றை எழுதியவர் அவர். ஏதென்ஸ் வளர்ந்தது, அதைக் கண்டு ஸ்பார்ட்டா அஞ்சியது, அந்த அச்சம்தான் உண்மையான காரணம் என்கிறார். இதில் பொருள் இருக்கிறது. பாரசீகரை எதிர்க்க 478இல் உருவான கூட்டணி, மெல்ல மெல்ல ஏதென்ஸுக்குக் கப்பம் கட்டும் பேரரசாக மாறிவிட்டது. டெலோஸ் தீவில் இருந்த பொதுக் கருவூலமும் 454இல் ஏதென்ஸுக்கே போய்விட்டது.

ஆனால் அச்சம் மட்டுமே காரணம் என்றால் போர் 440லேயே வந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு சாமோஸ் தீவு ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்தது. அடிக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அப்போது தலையிட வேண்டாம் என்று வாதாடியது ஸ்பார்ட்டாவின் கூட்டாளியான கொரிந்து. பின்னாளில் ஏதென்ஸ் மக்கள் முன்னால் கொரிந்தின் தூதர்கள் இதைச் சொல்லிக்காட்டினார்கள்.

இரண்டாவது பதில் இங்கேதான் வருகிறது: கொரிந்தின் கோபம். அதே கொரிந்து 432இல் போர் வேண்டும் என்று ஸ்பார்ட்டாவை நெருக்கியது. நடுவில் என்ன நடந்தது? கொரிந்தின் குடியேற்ற நகரமான கெர்க்கிரா, தாய் நகரத்தோடே சண்டைக்கு நின்றது. பெரிய கடற்படை வைத்திருந்த ஊர் அது. ஏதென்ஸ் அதனோடு தற்காப்பு ஒப்பந்தம் போட்டு முதலில் 10 கப்பல்களை அனுப்பியது. கெர்க்கிராவைத் தாக்கினால் ஒழிய கொரிந்தோடு மோதக் கூடாது என்று கட்டளை. 433இல் சிபோட்டா அருகே கொரிந்து கிட்டத்தட்ட வென்றுவிட்ட நேரத்தில், தூரத்தில் இன்னும் 20 ஏதென்ஸ் கப்பல்கள் தெரிந்தன. கொரிந்து பின்வாங்கியது. அந்த ஆத்திரம் ஆறுவதற்குள், கொரிந்தின் இன்னொரு குடியேற்றமாக இருந்தாலும் ஏதென்ஸுக்குக் கப்பம் கட்டிவந்த பொட்டிடேயாவின் மதிலை இடிக்கச் சொன்னது ஏதென்ஸ். அங்கும் கலகம்.

மூன்றாவது, மெகாரா தடை. மெகாரா ஏதென்ஸின் அண்டை நகரம், ஸ்பார்ட்டாவின் கூட்டாளி. ஏதென்ஸ் சந்தையிலும் அதன் பேரரசின் துறைமுகங்களிலும் மெகாராக்காரர்கள் நுழையக் கூடாது என்ற ஆணை அது. இதை நீக்கினால் போர் வராது என்றே ஸ்பார்ட்டாவின் தூதர்கள் சொன்னார்கள். ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் மறுத்தார்: இதில் இறங்கினால் அடுத்து இதைவிடப் பெரிதாகக் கேட்பார்கள் என்பது அவர் வாதம். போரால் நொந்த ஏதென்ஸ்காரர்கள் பலர் பழியை இந்தத் தடைமேல் போட்டார்கள். எனக்கு அது பலவீனமான பதிலாகவே படுகிறது. இந்தக் கோரிக்கை வருவதற்கு முன்பே ஸ்பார்ட்டா சபை வாக்களித்துவிட்டது.

அந்த வாக்கெடுப்பைத்தான் கவனிக்க வேண்டும். அரசர் ஆர்க்கிடாமஸ் பொறுக்கச் சொன்னார்: பணம் இல்லை, கப்பல் இல்லை, இந்தப் போரைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வோம் என்று அஞ்சுகிறேன் என்றார். ஸ்பார்ட்டாவின் ஐந்து உயர் அதிகாரிகளில் ஒருவராக, எபோர் என்ற பதவியில் இருந்த ஸ்தெனெலைடாஸ் சுருக்கமாகப் பேசினார்: நமக்கு நல்ல கூட்டாளிகள் இருக்கிறார்கள், அவர்களைக் கைவிடக் கூடாது. ஸ்பார்ட்டாவில் கூச்சலை வைத்தே முடிவு செய்வார்கள். எந்தப் பக்கக் கூச்சல் பெரிது என்று தெரியவில்லை என்று சொல்லி, இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கவைத்தார். போர்ப் பக்கம் பெருங்கூட்டம் சேர்ந்தது.

என் கணிப்பில் கொரிந்துதான் முதல் காரணம். உதவாவிட்டால் வேறு கூட்டணி தேடுவோம் என்று அதன் தூதர்கள் அந்தச் சபையிலேயே மிரட்டியிருந்தார்கள். அந்த மிரட்டல் எடுபட்டதற்குத்தான் துசிடிடீஸ் சொல்லும் அச்சம் விளக்கமாகிறது.

அதற்காக ஸ்பார்ட்டாவின் பொறுப்பு குறையாது. 446/445இல் செய்த முப்பதாண்டு உடன்படிக்கை, தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டும் என்றது. ஏதென்ஸ் அதற்கு முன்வந்தது, ஸ்பார்ட்டா போகவில்லை. போரின் முதல் கட்டத்தில் பட்ட தோல்விகளுக்கு இந்தத் தவறே காரணம் என்று ஸ்பார்ட்டாக்காரர்களே பிறகு நம்பினார்கள்.