உப்புக்காற்றுக்குள் ஒரு வில்லுக்கத்தி: பல வருடப் பாவனைக்குப் பிறகு எழுதுவது

பொத்தானைத் தள்ளினால் அலகு பிடியின் முன்வாயால் நேராகப் பாயும் ஓட்டோமற்றிக் கத்தி, அதுதான் ஓ.ரி.எஃப் (அவுட் த ஃபுரொன்ற்) கத்தி, வாங்கலாமா என்று கூட்டாளிமார் விடாமல் கேட்கிறார்கள். யூரியூப்பில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார்கள், அதில் பிழை ஒன்றும் இல்லை, நானும் ஆசைப்பட்டுத்தான் சேர்த்தேன். ஹூஸ்டனில் அக்கா வீட்டில் இருந்து வேலை செய்த காலத்தில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கி, எதையும் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் காற்சட்டைப் பொக்கெற்றில் போட்டு வேலைக்குக் கொண்டுபோய்ப் பாவித்தேன். இப்போது ஊருக்குத் திரும்பி, திருகோணமலைக் கடலோரத்தில், நிலாவெளியில் போட் எஞ்சின் திருத்துகிறேன். இங்கே என் பொக்கெற்றில் இருப்பது ஓ.ரி.எஃப் இல்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது. ஒரு கையால் சாமானைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையின் பெருவிரல் ஒன்றினாலேயே அலகை வெளியே விடலாம், அதே விரலால் உள்ளேயும் இழுக்கலாம். பூட்டு வைத்த மடக்குக் கத்திகள் பலவற்றை ஒரு கையால் மூடும்போது விரல் ஏதோ ஒரு கணம் அலகின் வழியில் நிற்கத்தான் செய்யும். ஓ.ரி.எஃப்பில் அந்தப் பயம் இல்லை. ஹூஸ்டனில் களஞ்சியத்தில் நாள் முழுக்கப் பெட்டி பிரிக்கிற வேலை எனக்கு, அதற்கு அதைவிட வசதியான கத்தியை நான் கையில் பிடித்ததில்லை. மைக்ரோடெக் கம்பனியின் அல்ட்ராடெக் மாதிரி ஒன்றை எடுத்தால் அலுமினியப் பிடி, எட்டரை சென்ரிமீற்றர் அளவில் அலகு, நிறை 100 கிராம் வரும் அவ்வளவுதான். கிளிப்பில் கொளுவிவிட்டால் இருப்பதே தெரியாது.

உள்ளே நடப்பதைப் பலர் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங் முழு விறைப்பில் காத்துக்கொண்டிருக்கிறது, தொட்டால் பாய்ந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். இரட்டைச் செயல் வகையில், அதாவது ஒரே பொத்தான் வெளியே விடவும் உள்ளே எடுக்கவும் செய்யும் வகையில், கத்தி சும்மா கிடக்கும்போது ஸ்பிரிங்கும் கிட்டத்தட்டச் சும்மாதான் கிடக்கும். பொத்தானைத் தள்ளும் பெருவிரல்தான் அதை இழுத்து விறைக்க வைக்கிறது, அதனால்தான் பழகாத விரலுக்கு அந்தத் தள்ளல் கடினமாக இருக்கும். தள்ளல் முடிகிற இடத்தில் அலகைப் பிடித்திருக்கும் சின்னக் கொளுவி விடுபட, ஸ்பிரிங் அலகை ஒரு உதை உதைக்கும், மிச்சத் தூரத்தை அலகு அந்த வேகத்திலேயே ஓடிப்போய் முன்கொளுவியில் விழும். டக் என்று கேட்கிற சத்தம் அது. ஓடுகிற வழியில் துணியோ மட்டையோ தடுத்தால் பாதியில் நின்றுவிடும், முன்னும் பூட்டாது பின்னும் பூட்டாது. உடைந்துவிட்டது என்று பதறத் தேவையில்லை, அலகின் இரு பக்கத்தையும் தட்டையாகப் பிடித்து வெளியே இழுத்துக் கொளுவ வைத்தால் சரி. படங்களில் காட்டுவது போலக் கதவைத் துளைத்துக்கொண்டு போகிற பலம் எல்லாம் அந்த ஸ்பிரிங்கில் இல்லை. ஒற்றைச் செயல் வகை வேறு. அதில் ஸ்பிரிங் உண்மையாகவே ஏற்றின நிலையில் காத்திருக்கும், பாய்ச்சலும் பலம், திரும்ப உள்ளே எடுக்க ஒரு நெம்பைப் பின்னால் இழுக்க வேண்டும். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஒன்று வாங்கி விற்றுவிட்டேன்.

அலகு ஆடுகிறது என்று முறைப்பாடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தண்டவாளத்தில் ஓடுவது போல அலகு ஓட வேண்டும் என்றால் சுற்றிவர மயிரிழை இடைவெளி இருந்தே ஆக வேண்டும், ஆகவே கொஞ்சம் ஆடும், விலை கூடியதிலும் ஆடும். கடதாசி மட்டை, பிளாஸ்ரிக் கட்டு வெட்டுவதற்கு அது ஒரு குறையே இல்லை.

எனக்குக் கவலை தந்தது ஆட்டம் இல்லை, அந்த இடைவெளிக்குள் எது போய்ச் சேருகிறது என்பது. முன்வாய் எப்போதும் திறந்துதான் இருக்கிறது. பொக்கெற்றுப் பஞ்சு போகும், மட்டைத் தூசி போகும், ஒட்டு ரேப்பை வெட்டினால் அதன் பசை அலகோடு சேர்ந்து உள்ளே போய்ச் சுவரில் அப்பிக்கொள்ளும். ஹூஸ்டன் வாழ்க்கைக்கு அதுகூடப் பரவாயில்லை. முன்வாய்க்குள் ஐசோபுரொபைல் அற்ககோலைத் தாராளமாக விட்டு, அலகை உள்ளும் புறமுமாக விட்டு எடுத்து, வாயைக் கீழே பிடித்து உதறி, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டால் பழையபடி பாயும். கிறீஸ் பூசக் கூடாது, அது தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு அலகை மெதுவாக்கி, மெதுவான அலகு முன்கொளுவிக்குப் போய்ச் சேராது.

ஹூஸ்டனுக்குக் கிட்ட இருக்கிற கால்வெஸ்ரன் கடற்கரைக்குக் கொண்டுபோகத் தொடங்கிய பிறகுதான் கத்தியின் குணம் மாறியது. பொத்தானைத் தள்ளும்போது மணல் கறகறவென்று கேட்கும், அற்ககோல் விட்டுக் கழுவினாலும் ஒரு மூலையில் ஒரு மணல் இருந்துகொண்டே இருக்கும். மணலைக்கூடச் சமாளிக்கலாம். உப்பைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஒரு கத்தியில் (கம்பனிப் பெயர் வேண்டாம், இது எல்லோருடைய கத்திக்கும் நடக்கக் கூடியது) அலகு பளபளவென்று இருக்க, உள்ளே ஸ்பிரிங் கறள் பிடித்து, ஒரு நாள் அலகு பாதி வழியில் நின்றது, திரும்பத் திரும்ப நின்றது. திறந்து பார்க்கலாம் என்றால் திருகாணியின் தலை சாதாரண ரைவருக்குப் பொருந்தாத வடிவம். பல தயாரிப்பாளர்கள் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்கிறார்கள். அலகை நல்ல உருக்கில் செய்துவிட்டு உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை யாராலும் துடைக்க முடியாத இடத்தில் வைத்தால், கடலோரத்தில் அந்த ஸ்பிரிங்கின் ஆயுள்தான் கத்தியின் ஆயுள்.

இப்போது நம்முடைய ஊரை யோசித்துப் பாருங்கள். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுக் காலத்தில் மணலும் புழுதியும் கண்ணைத் திறக்க விடாது, வாடை தொடங்கினால் மழையும் ஈரமும், இரண்டுக்கும் நடுவில் வருடம் முழுக்க உப்பு. உப்புவெளியில், சல்லியில், திருக்கடலூரில் வீட்டுச் சன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேற்றுப் பிணைச்சல் எல்லாவற்றையும் தின்கிற காற்று கத்தியை மட்டும் விட்டுவைக்குமா. ஆகவே நான் இங்கே எந்தக் கத்தியைப் பார்த்தாலும் கேட்கிற முதல் கேள்வி, உள்ளே போன உப்பை நல்ல தண்ணீர் விட்டு வெளியே எடுக்கலாமா என்பதுதான். அலகு எவ்வளவு வேகமாக வருகிறது என்பதெல்லாம் பிறகு.

சட்டப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். டெக்சாஸிலேயே 2013 செப்டெம்பருக்கு முன் ஓட்டோமற்றிக் கத்தி தடைதான், அதற்குப் பிறகுதான் திறந்துவிட்டார்கள். பிரித்தானியாவில் 1959 இலிருந்து இவற்றை விற்கத் தடை, 2021 இலிருந்து வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். கனடாவிலும் தடைசெய்யப்பட்ட ஆயுதம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற மாமா மாமியிடம் வரும்போது ஒன்று வாங்கி வாங்கோ என்று தயவுசெய்து கேட்காதீர்கள், மாட்டுப்படப்போவது அவர்கள். இங்கே சோதனைச்சாவடிகளில் பையைத் திறந்து காட்டி வளர்ந்தவர்கள் நாங்கள். பொத்தானைத் தொட்டதும் அலகு பாய்கிற ஒரு சாமானை இந்த ஊர் வீதியில் கொண்டு திரிய எனக்கு மனம் இல்லை, வேறு யாரும் கொண்டு திரியவும் வேண்டாம். மடக்குக் கத்தியைக்கூட வேலைக்குப் போகும்போதுதான் எடுக்கிறேன். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழி இராணுவம் இருக்கிற பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் போகிறது, கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, போனாலும் வாசலில் ஆட்கள் நிற்பார்கள், அந்த நாட்களில் கத்தி வீட்டு மேசையில் கிடக்கும். சேர்த்த ஓ.ரி.எஃப் எல்லாம் அக்கா வீட்டில் இருக்கிறது, அத்தான் இடைக்கிடை எடுத்து எண்ணெய் விடுகிறார்.

சரி, இங்கே என்ன பாவிக்கிறேன்.

முதலில் டி2 உருக்கில் அலகு வைத்த ஒரு மடக்குக் கத்தி. இந்த டி2 என்பது அச்சுகளும் வெட்டும் கருவிகளும் செய்கிற உருக்கு, கூர் நெடுநாள் நிற்கும், விலையும் குறைவு. ஆனால் குரோமியம் கிட்டத்தட்ட 12 சதவீதம் இருந்தும் அதில் பெரும் பங்கைக் காபன் பிடித்துக்கொள்வதால் கறளைத் தடுக்க மிச்சம் போதாது. வாடைக்காலத்தில் ஒரு நாள் துடைக்காமல் வைத்தேன் என்றால் பூட்டு வந்து முட்டுகிற மூலையில், துணி எட்டாத அந்த இடத்தில், மண்ணிறப் புள்ளி ஒன்று இருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் அடியில் சின்னக் குழி. அந்தக் குழிக்குள் அடுத்த நாள் மறுபடி புள்ளி. வயல்பக்கம், கந்தளாய்ப் பக்கம் இருக்கிற ஒருவருக்கு இது அருமையான கத்தி, கடலோரத்தாருக்கு இல்லை.

விக்டோரினொக்ஸ் எல்லோருக்கும் தெரிந்த சிவப்புப் பேனாக்கத்தி. 1897 இல் காப்புரிமை எடுத்த அமைப்பு இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. உருக்கு மென்மையானது, கூர் சீக்கிரம் போகும், ஆனால் சீக்கிரம் திரும்பவும் வரும், கறள் பிடிப்பது அரிது. சுடுதண்ணீரில் போட்டு எல்லா அலகையும் திறந்து மூடிக் கழுவி ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். வீட்டுக்கும் பயணத்துக்கும் இதை வெல்ல ஒன்றும் இல்லை, அந்தக் கத்தரிக்கோல் ஒன்றுக்காகவே வாங்கலாம். ஈரக் கயிறு வெட்டத்தான் முடியாது, அலகில் பூட்டும் இல்லை. விமானத்தில் போனால் கைப்பைக்குள் வைக்காதீர்கள்.

அடுத்தது ஒபினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியின் 8 ஆம் இலக்கம், 1955 இல் வந்த அந்தச் சுழல் வளையப் பூட்டோடு. பழம் வெட்ட, மீன் துப்பரவாக்க மிக மெல்லிய, நேர்த்தியான அலகு. துருப்பிடிக்காத உருக்கில் செய்ததை எடுங்கள், காபன் உருக்கு இங்கே வேண்டாம். பிடி பீச் என்கிற ஐரோப்பியக் காட்டு மரம், ஈரம் குடித்தால் ஊதி அலகை இறுக்கிக்கொள்ளும். அந்தக் கத்தி பிறந்த பிரான்சின் சவோய் மலைக்காரர் பிடியின் பின்பக்கத்தை மேசையில் தட்டி அலகை வெளியே எடுப்பார்கள், நானும் அப்படித்தான். தேங்காய் எண்ணெய் பூசி வெயிலில் வைத்தால் கொஞ்சம் குறைகிறது.

தினமும் என்னோடு கடலுக்கு வருவது ஸ்பைடர்கோ கம்பனியின் சோல்ற் வரிசை மடக்குக் கத்தி, மஞ்சள் பிடி, எச்1 உருக்கு, அலகு முழுக்கப் பல். அந்த உருக்கில் காபன் மிகக் குறைவு, அதன் வேலையில் ஒரு பங்கை நைதரசன் செய்கிறது, ஆகவே குரோமியம் முழுதும் கறளைத் தடுக்கக் கிடைக்கிறது. எச்1 இப்போது வருவதில்லை, அதன் இடத்துக்கு எச்2 வந்திருக்கிறது, எல்சி200என், 2021 இல் வந்த மக்னாகட் என்ற உருக்குகள் இரண்டும் கடலுக்கு நல்லவை. பல் இல்லாமல் நேராகக் கூர் வைத்த எச்1 சீக்கிரம் மொட்டையாகும், பல் வைத்தது அப்படி இல்லை.

அதன் அருமை தெரிந்தது புறாத்தீவுப் பக்கம். சீசன் நேரம், ஆட்களை ஏற்றிக்கொண்டு போன போட்டின் புரோப்பலரில் மிதந்து வந்த நைலோன் கயிறு சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது போட்காரர் கறிக்கத்தியால் அரக்கிக்கொண்டு இருந்தார், கயிறு உருகி இறுகி புரோப்பலருக்கும் எஞ்சின் காலுக்கும் நடுவில் கல்லாகிக் கிடந்தது. "அண்ணே, எஞ்சினை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கோ" என்றுவிட்டு, அலகை உள்ளே செருகி என் பக்கமாக இழுக்க, பல் ஒவ்வொரு இழையாகப் பிடித்துப் பிடித்து அறுத்தது. அலை போட்டைத் தூக்கித் தூக்கிப் போட்டது, கை முழங்கை வரை தண்ணீருக்குள், மஞ்சள் பிடி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஓ.ரி.எஃப் இருந்திருந்தாலும் வெட்டியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அது குடித்த கடல்தண்ணீரை அதற்குள்ளிருந்து எடுக்க முடிந்திருக்காது. இதை வீட்டுக்கு வந்து பைப்பைத் திறந்து அடியில் பிடித்தேன், உதறினேன், கதை முடிந்தது.

விலை கூடத்தான், அதை மறைக்கவில்லை. அதே தோற்றத்தில் மலிவாக ஒன்லைனில் வருகிற போலிகளை வாங்காதீர்கள். ஓ.ரி.எஃப் போலி என்றால் கொளுவி தேய்ந்து அலகு தானாக வழுகும், மடக்குக் கத்திப் போலி என்றால் பூட்டு விரலின் மேல் மடியும்.

பல் வைத்த அலகைத் தெருவில் சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள், சக்கரம் பல்லைத் தேய்த்து மட்டமாக்கிவிடும். ஸ்பைடர்கோவின் முக்கோண செராமிக் கோல்கள் கிடைத்தால் அதன் மூலையால் ஒவ்வொரு வளைவாகத் தீட்டலாம். கிடைக்காவிட்டால் ஹாட்வெயார் கடையில் 1000 இலக்க வெற் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், வாங்கிப் பென்சிலில் சுற்றி, சாய்வு இருக்கிற பக்கத்தில் மட்டும் வளைவு வளைவாகத் தேயுங்கள். மற்றப் பக்கத்தில் எழும்புகிற பிசிரை அலகைத் தட்டையாக வைத்து ஒருமுறை இழுத்தால் போய்விடும்.