ஆயாவுக்கு ஏர் கூலரா, ரிமோட் ஃபேனா?

ஆயாவுக்கு எண்பது வயது ஆகிறது, பேரப்பிள்ளைகள் எல்லாரும் பணம் போட்டு ஏதாவது வாங்கித் தரலாம் என்று பேச்சு எழுந்தவுடன் ஆளாளுக்கு ஆரணிப் பட்டு என்றார்கள். பட்டு நல்லதுதான், ஆரணி பக்கத்தில் இருக்கிற ஊர், நெசவு பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆயாவின் பீரோவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏற்கெனவே கொடுத்த பட்டெல்லாம் அந்துருண்டை வாசனையோடு மடித்த மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. கடைசியில் அது யாராவது ஒரு பேத்தியின் கல்யாணத்துக்குத்தான் போகும். பாட்டுப் பெட்டி வாங்கலாம் என்றாள் தங்கை. ஆயாவுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது, அதனால் அதுவும் தள்ளிப்போனது.

மிஞ்சியது கோடைக்கு உதவுகிற பொருள். குடியாத்தம் பக்கம் சித்திரையில் தங்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. ஆயா இருப்பது முன்பு ஓட்டு வீடாக இருந்து பிறகு தளம் போட்ட வீடு. பகலெல்லாம் சூடேறிய தளம் ராத்திரி பத்து மணிக்குத்தான் அறைக்குள் அனலை இறக்க ஆரம்பிக்கும். பெரியப்பா மகன் ஏர் கூலர் என்றார், நான் பிஎல்டிசி சீலிங் ஃபேன், அதாவது கரண்ட் குறைவாக இழுக்கிற மோட்டார் உள்ளது, ரிமோட் வைத்தது என்றேன். ஏசி பற்றி யாரும் நெடுநேரம் பேசவில்லை, கதவைச் சாத்தி வைக்கிற பழக்கம் ஆயாவுக்குக் கிடையாது.

முதலில் விலை. நல்ல ரிமோட் ஃபேன் இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து நாலாயிரத்துக்குள் கிடைக்கும், ஓரளவு உருப்படியான கூலருக்கு அதைவிட இரண்டு மடங்கு ஆகும். பல பேர் சேர்ந்து வாங்குவதால் எங்களுக்கு விலை ஒரு பிரச்சினையாக இல்லை.

கூலரை மட்டம் தட்டுவதற்கு இதை எழுதவில்லை. சென்னையில் கூலர் வைத்தால் உடம்பு பிசுபிசுக்கும், காற்றிலேயே ஈரம் அதிகம். நம் பக்கம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் ஏப்ரல், மே மாதப் பகல்களில் காற்று காய்ந்துபோய்த்தான் இருக்கும், கூலருக்குள் இருக்கிற ஈர அட்டை வழியாக அது வரும்போது நிஜமாகவே குளிரும். ஆற்காட்டில் அத்தை வீட்டுக் கூலர் முன்னால் மத்தியானம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், எழுந்து போக மனசு வராது. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்பதை மட்டும் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். அறையை மூடி வைத்துக் கூலரை ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் அறையே புழுங்கிவிடும்.

என் மனசு கூலரிலிருந்து விலகியதற்குக் காரணம் தண்ணீர்தான். யார் ஊற்றுவது? கடையில் விற்பவர் முப்பது லிட்டர், நாற்பது லிட்டர் டேங்க் என்று அதைப் பெருமையாகச் சொல்வார், ஆனால் நாற்பது லிட்டர் என்பது நாற்பது கிலோ, அதை யாரோ ஒருவர் குடம் குடமாகத் தூக்கி வந்து ஊற்ற வேண்டும், அதுவும் கூலர் நன்றாகக் குளிரடிக்கிற காய்ந்த நாட்களில்தான் தண்ணீரும் வேகமாகத் தீரும். ஆயாவோடு வீட்டில் இருப்பது சித்தியும் சித்தப்பாவும். சித்தப்பா விடிந்தால் வேலைக்குப் போய்விடுவார், சித்திக்கு ஏற்கெனவே முதுகு வலி. நாம் வெளியூரில் இருந்துகொண்டு ஆயாவுக்கு என்று ஒரு பரிசு வாங்கி அனுப்புவோம், அதன் பிறகு தினமும் அதற்குத் தண்ணீர் சுமப்பது சித்தியின் வேலையாகிவிடும். அப்படியென்றால் பரிசு ஆயாவுக்கு, வேலை சித்திக்கு. சித்தி வாய் திறந்து சொல்ல மாட்டார், ஆனால் ஒருநாள் கூலர் காலியாக நிற்கும், ஆயா தானே செம்பில் மொண்டு ஊற்றக் கிளம்புவார், சிந்திய தண்ணீர் மொசைக் தரையில் நிற்கும், அதில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை, வடநாட்டிலிருந்தெல்லாம் ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், அதற்காக எண்பது வயதில் இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டு போய்ப் படுக்க முடியுமா?

ஊற்றுவதோடு முடிவதும் இல்லை. போர் தண்ணீர் உப்பு, அட்டையில் வெள்ளையாகப் படிந்து காற்றுப் போகிற ஓட்டையை அடைத்துவிடும், அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், குடிக்கப் பிடிக்கிற தண்ணீரைக் கூலருக்கு ஊற்ற ஆயா விடுவாரா என்ன. டேங்கில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டை வைக்கும், அதனால் வாரம் ஒருமுறையாவது முழுக்கக் கொட்டித் தேய்த்துக் காய விட வேண்டும். மழைக்காலம் வந்தால் மூலையில் துணி போர்த்தி வைக்க இடம் வேண்டும், ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இன்னொன்று, இதைக் கூலர் கேட்ட அண்ணனிடம் சொன்னபோதுதான் அவரும் கொஞ்சம் இறங்கி வந்தார். கூலர் சிறப்பாக வேலை செய்வது மத்தியானம் இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் ஆயா அறையில் இருக்கவே மாட்டார், திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ முறத்தோடு உட்கார்ந்திருப்பார். ஆயா அறைக்குள் வருவது ராத்திரி, அப்போது வெப்பம் இறங்க இறங்கக் காற்றில் ஈரத்தின் பங்கு ஏறும், கூலரின் குளிர்ச்சியும் குறையும்.

சரி, ஃபேன். "ஏற்கெனவே ஃபேன் ஓடுதே, இன்னாத்துக்குடா இன்னொண்ணு" என்று ஆயாவே கேட்டார். ஓடுகிறது, மறுக்கவில்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிடைத்த டேபிள் ஃபேன்கூட இன்னும் கட்டில் பக்கத்தில் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது, அதன் ஒயர் நடைபாதையில் குறுக்கே கிடக்கிறது. மேலே மாட்டியிருக்கிற பழைய சீலிங் ஃபேனுக்கு ரெகுலேட்டர் கதவோரம் இருக்கிறது, கட்டிலிலிருந்து எழுந்து இருட்டில் நடந்து போய்த் திருப்ப வேண்டும். படுக்கும்போது முழு வேகம் வேண்டும், விடியற்காலை நான்கு மணிக்குக் கால் சில்லிட்டுவிடும், அப்போது எழுந்து குறைக்க வேண்டும். வயதானவர்கள் ராத்திரியில் தேவையில்லாமல் எழுகிற ஒவ்வொரு தடவையும் ஆபத்துதான். ரிமோட்டின் அருமை சொகுசில் இல்லை, அந்த எழுந்து நடப்பது மிச்சம் என்பதில்தான் இருக்கிறது. நான் ஃபேன் பக்கம் இவ்வளவு சாய்ந்ததற்கு இதுவே போதும்.

மின்சாரக் கணக்கும் இதற்கே சாதகம். பழைய ஃபேன் 75 வாட், நாளுக்கு இருபது மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். இலவச நூறு யூனிட்டில் பெரும்பகுதியை ஒரே ஃபேன் தின்றுவிடுகிறது. பிஎல்டிசி சுமார் 30 வாட், அதே கணக்கில் 36 யூனிட்தான் வரும். இன்வர்ட்டர் இருந்தால் கரண்ட் போன ராத்திரியிலும் ரொம்ப நேரம் தாங்கும். லோ வோல்டேஜ் நேரத்தில் பழைய ஃபேன் கைவிசிறி மாதிரி அசைந்துகொண்டிருக்கும், இது வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் வேகம் குறையாமல் சுற்றுகிறது.

வாங்குகிறவர்கள் கடையில் கேட்க வேண்டியவை கொஞ்சம் இருக்கிறது. டிவி ரிமோட் மாதிரி நேராகக் காட்டினால்தான் வேலை செய்கிற ரகம் உண்டு, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுத்தினாலும் வேலை செய்கிற ரகம் உண்டு. இரண்டாவதுதான் வேண்டும். கரண்ட் போய் வந்தால் தானாகப் பழைய வேகத்திலேயே ஓடுகிறதா என்று கடையிலேயே சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிடச் சொல்ல வேண்டும், அதன் வழியாக இந்த ஃபேனை ஓட்டக் கூடாது, சில எலக்ட்ரீஷியன்கள் அலட்சியமாக அப்படியே விட்டுவிடுகிறார்கள். ரிமோட்டில் பத்துப் பன்னிரண்டு பட்டன் இருக்கும், ஆயாவுக்குத் தேவை மூன்று. அந்த மூன்றின் மேலும் தங்கை ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள், நிறுத்துவதற்குச் சிவப்பு, கூட்டவும் குறைக்கவும் வேறு வேறு அளவில். ரிமோட்டை ஒரு கயிற்றில் கட்டிக் கட்டில் சட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். இதெல்லாம் செய்யாமல் பெட்டியோடு கொடுத்துவிட்டு வந்தால் ரிமோட் சாமி மாடத்துக்குப் போய்விடும், ஃபேன் சுவரில் இருக்கிற சுவிட்சில்தான் ஓடும்.

குறையும் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் பகலில் இந்த ஃபேன் அனலைத்தான் வாரி இறைக்கும். வெப்பம் 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் ஃபேன் போடுங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையே, அதற்கு மேல் போனால் அது உடம்பைச் சூடாக்கும். அதனால் மே மாதத்து மத்தியானங்களுக்கு மர நிழல், மோர், ஈரத் துணி என்று பழைய வழிதான். அப்புறம் பழுது. பழைய ஃபேன் என்றால் தெருக்கோடி மெக்கானிக் காயில் கட்டிக் கொடுத்துவிடுவார், இதில் உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு போனால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். எங்களுடையது இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை, வந்தால் எவ்வளவு அலைச்சல் என்பது அப்போதுதான் தெரியும். வாரண்டி அதிக வருஷம் உள்ளதை எடுத்து, பில்லை ஆயாவிடம் கொடுக்காமல் நானே வைத்திருக்கிறேன்.

வீட்டில் தண்ணீர் ஊற்ற வாலிபப் பிள்ளை இருந்து, தாத்தாவோ பாட்டியோ படுத்த படுக்கையாகப் பகலும் அந்த அறையிலேயே இருக்கிறார்கள் என்றால் நானே கூலர்தான் வாங்கச் சொல்வேன், வீசிங் இருந்தால் மட்டும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. எதுவானாலும் பங்குனிக்குள் வாங்கிவிடுங்கள், சித்திரை பிறந்துவிட்டால் ஃபேன் மாட்ட எலக்ட்ரீஷியன் கிடைக்க மாட்டார்.