பழைய கார் டிக்கிக்கு பவர் லாக்: மோட்டாரா, சோலினாய்டா, கேபிளா?

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு உண்டு. சீசனில் பின்சீட்டை மடித்துவிட்டு என் 2004 மாடல் காரில்தான் கிரேட்டுகளை ஏற்றுவேன். கிரேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் டிக்கி பூட்டியிருக்கும். கிரேட்டை இறக்கி, முன்னால் போய் சாவியை உருவி வந்து, திறந்து, மறுபடி தூக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் நாலு கதவுக்கும் சென்டர் லாக் போட்டு, டிக்கியை மட்டும் விட்டுவிட்டார்.

இதற்கு மூன்று வழிகள். ஏற்கெனவே உள்ள சென்டர் லாக்கோடு ஐந்தாவதாக ஒரு மோட்டாரைச் சேர்க்கலாம். டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்து சோலினாய்டால் (கரண்ட் கொடுத்தால் தண்டை இழுக்கும் மின்காந்தம்) கொக்கியை இழுத்துத் திறக்கலாம். கரண்டே வேண்டாம் என்றால் சீட்டோரம் லீவர் வைத்துக் கேபிள் இழுக்கலாம்.

எது சரி என்பதை உங்கள் டிக்கியின் பூட்டுதான் சொல்லும். சாவியைத் திருப்பிப் பாருங்கள். திருப்பிய இடத்திலேயே நின்று, பிறகு வெளிக் கைப்பிடியை இழுத்தால் திறக்கிறதா? அப்படியானால் உள்ளே பூட்டுவதற்கென்று தனிக் கம்பி இருக்கிறது, மோட்டார் போடலாம். சாவியைத் திருப்பும்போதே டிக்கி விடுபட்டு, சாவி ஸ்பிரிங்கில் திரும்பி வருகிறதா? அதில் பூட்டு நிலை என்று தனியாக எதுவும் இல்லை. கொக்கியையே இழுக்க வேண்டும், அதற்கு சோலினாய்டுதான்.

என் வண்டி இரண்டாவது ரகம். தெரியாமல் முதலில் கதவு மோட்டாரைத்தான் போட்டேன். வண்டி காலியாக இருந்தபோது திறந்தது. கிரேட் அடுக்கி அழுத்திச் சாத்திய பிறகு உள்ளே 'டக்' என்று சத்தம் மட்டும் வரும், கொக்கி நகராது. அந்த மோட்டார் பூட்டுக் கம்பியைத் தள்ளி இழுப்பதற்கென்று செய்தது. ரப்பர் பீடிங்கும் சரக்கும் சேர்ந்து இறுக்கும் கொக்கியை இழுக்க அதன் பலம் போதாது.

முதல் ரக வண்டிக்கு மோட்டார்தான் நல்லது. செலவு சில நூறு ரூபாய், ஒரே ரிமோட்டில் ஐந்தும் பூட்டும். டிரைவர் கதவில் இருப்பது ஐந்து வயர் மோட்டார். டிக்கிக்கு இரண்டு வயர் போதும். கரண்ட் ஒரு பக்கமாகப் போனால் பூட்டும், மாற்றிப் போனால் திறக்கும். திறக்க வேண்டியபோது பூட்டிக்கொண்டால் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் சரி. மோட்டார் தண்டு பூட்டுக் கம்பியோடு ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். கோணலாக மாட்டினால் சில மாதத்தில் கிளாம்ப் நழுவும்.

சோலினாய்டுக்கு ரிலே கட்டாயம். சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரிலே. இழுக்கும் நொடியில் பத்து ஆம்பியரைத் தாண்டுபவை உண்டு. சின்ன பட்டன் அதைத் தாங்காது. நான் போன ஒரு கடையில் ரிலே இல்லாமலே கட்டிக் கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் பட்டன் உருகி ஒட்டிக்கொண்டது, சோலினாய்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகும் வாசனை வண்டி முழுக்க வந்தது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் எண் முனை, அங்கிருந்து 87 வழியாக சோலினாய்டு, 85, 86 இரண்டும் ரிலேயின் சொந்தக் காயிலுக்கு. பட்டன் அந்த ரிலே காயிலை மட்டும் இயக்க வேண்டும். ஒரு நொடி அழுத்தினால் போதும். பட்டனைக் குழந்தைகள் கை படாமல் குளோவ் பாக்ஸுக்குள் வையுங்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டிக்கி திறந்தால் சரக்கு ரோட்டில் கிடக்கும், சைலன்சர் புகையும் உள்ளே வரும்.

மோட்டாரோ சோலினாய்டோ, இரண்டுக்கும் உயிர் ஒரே இடத்தில்தான்: வண்டி உடம்பிலிருந்து டிக்கிக்குப் போகும் ரப்பர் குழாய். கடைசியாக கிருஷ்ணகிரியில் ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி அந்தக் குழாயைப் பின்னால் உருவிக் காட்டினார். உள்ளே நம்பர் பிளேட் லைட் வயரின் உறை வெடித்து, செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தன. நாலைந்து இழைதான் மிச்சம். "அண்ணா, டிக்கியத் தொறக்கறப்பெல்லாம் இது மடங்குதுங்க. இதுல கட்டி வயரு போட்டா சீக்கிரமே அறுந்துரும்" என்றார். நிறைய மெல்லிய இழை கொண்ட வயரைக் கொஞ்சம் தளர்வு விட்டு இழுத்தார். குழாய்க்குள் ஒரு ஒட்டுக்கூட வைக்கவில்லை. ஒட்டெல்லாம் உடம்புப் பக்கம் சால்டர் செய்து ஸ்லீவ் போட்டார். என்ன கம்பெனி மோட்டார் என்று கேட்பதைவிட, குழாய்க்குள் ஒட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். சில வண்டிகளில் கொக்கி டிக்கியில் இல்லாமல் உடம்பிலேயே இருக்கும். அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே லீவர் இருந்தால் கேபிளை மாற்றி எண்ணெய் விடுங்கள், பேட்டரி இறங்கினாலும் திறக்கும். இல்லாத வண்டியில் புதிதாகக் கேபிள் ஓட்டுவது கார்பெட் முழுக்கக் கழற்றும் வேலை. நான் செய்ய மாட்டேன்.

எதைப் போட்டாலும் சாவித்துளையை விட்டுவிடாதீர்கள். பேட்டரி இறங்கினாலோ கேபிள் அறுந்தாலோ அதுதான் வழி. மாதம் ஒருமுறை சாவியாலும் திறந்து பாருங்கள்.

என் வண்டியில் இப்போது ரிலேயோடு சோலினாய்டு ஓடுகிறது. கைப்பிடி உள்ள மச்சான் வண்டிக்கு ஐந்தாவது மோட்டார் போடச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பாவின் மாருதி 800இல் லீவர் இருக்கிறது. அதற்கு ஒரு புதுக் கேபிள் மட்டும்.