சட்டம் செல்லுமா என்று யார் சொல்வது: ஜெர்மனியும் பிரான்சும்

நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று இந்த இரண்டு நாடுகளிலும் சாதாரண நீதிபதி தானாக அறிவித்துவிட முடியாது. அதற்குத் தனி அமைப்பு உண்டு. ஒற்றுமை அதோடு சரி.

ஜெர்மனியில் கீழமை நீதிமன்றம்கூட, சட்டம் முரணானது என்று உறுதியாகக் கருதினால், கார்ல்ஸ்ரூவேயில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு நேரடியாக அனுப்பலாம். தீர்ப்பால் தன் அடிப்படை உரிமை பறிபோனது என்று குடிமகனும் அங்கே முறையிடலாம். 1958இல் லூத் என்பவரின் முறையீட்டில் ஹாம்பர்க் நீதிமன்றத்தின் தீர்ப்பு அப்படித்தான் ரத்தானது. சிவில், நிர்வாகம் என்று துறைவாரியாக உள்ள மற்ற உச்ச நீதிமன்றங்களின் தீர்ப்புக்கும் இதே கதி நேரலாம்.

பிரான்சின் அரசியலமைப்பு மன்றத்தில் 9 பேர் நியமிக்கப்படுகிறார்கள். சட்டப் படிப்பு கட்டாயமில்லை என்பது வேடிக்கை. நடைமுறையில் உள்ள சட்டத்தை எதிர்த்து வழக்காடுபவர் கேள்வி எழுப்பும் வழி 2010இல்தான் திறந்தது. அதுவும் நிர்வாக வழக்கானால் அத்துறையின் உச்ச நீதிமன்றமான அரசு மன்றமும், சிவில், குற்றவியல் போன்ற மற்றவற்றில் அவற்றின் உச்ச நீதிமன்றமான காசேஷன் நீதிமன்றமும் 3 மாதத்துக்குள் வடிகட்டி அனுப்பினால்தான். அவற்றின் தீர்ப்புகளில் அரசியலமைப்பு மன்றம் கைவைக்க முடியாது.

இதில் ஒரு முரண். சட்டம் சர்வதேச ஒப்பந்தத்தோடு மோதுகிறதா என்று பார்க்கும் வேலையை அரசியலமைப்பு மன்றம் 1975இல் கருக்கலைப்புச் சட்ட வழக்கில் தட்டிக்கழித்தது. அதே ஆண்டு காசேஷன் நீதிமன்றமும், 1989இல் அரசு மன்றமும் அதைக் கையில் எடுத்தன. ஆக, அரசியலமைப்பைக் காட்டிச் சட்டத்தை ஒதுக்க முடியாத நீதிபதி, ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தைக் காட்டி ஒதுக்கலாம்!

குடிமகனுக்கு ஜெர்மன் வழிதான் மேல் என்பேன். ஆனால் அங்கே ஆண்டுதோறும் குவியும் ஆயிரக்கணக்கான முறையீடுகளில் மிகச் சிலவே வெல்கின்றன.