விட்டுவிட்டு எரியும் இன்ஜின் விளக்கு: பட்டறை ஸ்கேனரா, சொந்தக் கருவியா?

என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார். மழைநாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் செக் இன்ஜின் விளக்கு எரியும். இரண்டு நாளில் தானாக அணையும். பட்டறைக்குப் போனால் வண்டி சமர்த்தாக ஓடும்.

பட்டறை ஸ்கேனர் காரின் கணினியைப் படிக்கும் கருவி; ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் காப்பது), ஏர்பேக் வரை படிக்கும். விளக்கு அணைந்தாலும், என்ன கோளாறு என்று சொல்லும் பிழைக் குறியீடு சில வாரங்களாவது நினைவில் இருக்கும், அதனால் போவது வீண் இல்லை. ஆனால் கோளாறு வரும் நேரத்தில் மெக்கானிக் பக்கத்தில் இருக்க மாட்டாரே.

சின்ன ப்ளூடூத் ஓபிடி கருவி (பிழைக் குறியீட்டைப் படித்து போனுக்கு அனுப்புவது) ஜெயிப்பது அங்கேதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, விளக்கு எரிந்த உடனே போனில் பார்த்தேன்: பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. அந்த சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (தீப்பொறிக்கு மின்சாரம் தருவது) மூன்றாவது சிலிண்டரின் காயிலோடு மாற்றிப் போட்டேன். அடுத்த மழையில் பி0303! பழுது காயிலோடு கூடவே மூன்றாவது சிலிண்டருக்கு நகர்ந்திருந்தது; கெட்டது காயில்தான். பட்டறையில் இதற்கு ஒரு வாரம் வண்டியை விட வேண்டியிருக்கும்.

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு என் ஓட்டு சொந்தக் கருவிக்கே. ஏர்பேக், ஏபிஎஸ் என்றால் பட்டறைதான். அப்புறம், குறியீட்டை எழுதி வைக்காமல் அழிக்காதீர்கள். விளக்கு சிமிட்டினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.