ஸ்டார் ட்ரெக் பார்க்கணுமா? தயவுசெஞ்சு முதல் எபிசோட்ல ஆரம்பிக்காதீங்க

ஸ்டார் ட்ரெக்ங்கிற அமெரிக்க விண்வெளி டிவி சீரிஸ் வரிசையை எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. 1966ல வந்த முதல் எபிசோட்ல இருந்து வரிசையா பாருன்னு ஒரு கூட்டம், கதை நடக்கிற வருஷப்படி அடுக்கி வச்சுப் பாருன்னு இன்னொரு கூட்டம், 2009ல வந்த படத்தைப் பார்த்தா போதும்னு ஒரு கூட்டம். மூணு பேச்சையும் கேக்காதீங்க. நான் சொல்றது ஒரே ஒரு எபிசோட்: ‘த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ சீரிஸ், இரண்டாவது சீசன், ஒன்பதாவது எபிசோட், பேரு ‘த மெஷர் ஆஃப் அ மேன்’, 1989ல வந்தது. இன்னைக்கு ராத்திரி அதை மட்டும் பாருங்க. புடிச்சா மேற்கொண்டு போலாம், புடிக்கலைன்னா ஸ்டார் ட்ரெக் உங்களுக்கு ஒத்து வராது, நூத்துக்கணக்கான மணி நேரம் மிச்சம்னு சந்தோஷமா வேற எதையாவது பார்க்கப் போயிடலாம்.

முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். என்டர்பிரைஸ்னு ஒரு விண்கப்பல், அதுக்கு பிக்கார்ட்னு ஒரு கேப்டன், அவருக்கு அடுத்த இடத்துல ரைக்கர், அப்புறம் டேட்டான்னு ஒரு அதிகாரி, இவர் மனுஷன் கெடையாது, ஆண்ட்ராய்டு, அதாவது மனுஷன் மாதிரியே இருக்கிற ரோபோ. மேடாக்ஸ்னு ஒரு விஞ்ஞானி வந்து, டேட்டா மாதிரி இன்னும் நிறைய பேரை உருவாக்கணும், அதுக்கு இவரைப் பிரிச்சுப் போட்டுப் பார்க்கணும்ங்கிறாரு. டேட்டாவுக்கு இஷ்டமில்ல, வேலையை ராஜினாமா பண்றேன்ங்கிறாரு. ராஜினாமா பண்ற உரிமை அவருக்கு இருக்கா, இல்ல கப்பல்ல இருக்கிற கம்ப்யூட்டர் மாதிரி அவரும் ஸ்டார்ஃப்ளீட்டோட (இவங்க எல்லாம் வேலை பார்க்கிற விண்வெளிப் படை) சொத்தான்னு விஷயம் கோர்ட்டுக்குப் போகுது. அந்த இடத்துல சட்ட அலுவலகமே இப்பதான் திறந்திருக்காங்க, ஆள் பத்தல, அதனால டேட்டா பக்கம் பிக்கார்ட் வாதாடணும், எதிர்த்தரப்புல ரைக்கர் நிக்கணும். ரைக்கர் டேட்டாவோட நெருங்கின நண்பன். நீ மாட்டேன்னாலோ மனசில்லாம வாதாடினாலோ விசாரணையை அங்கேயே முடிச்சு டேட்டா சொத்துதான்னு தீர்ப்பு குடுத்துடுவேன்னு ஜட்ஜம்மா கறாரா சொல்லிடறாங்க.

இதுக்கப்புறம் ஒரு சின்ன காட்சி வரும், கண் சிமிட்டாம பாருங்க. ரைக்கர் தனியா உக்காந்து டேட்டாவோட தொழில்நுட்ப விவரத்தை ஸ்க்ரீன்ல பார்த்துட்டு இருப்பாரு. ஒரு இடத்துல கண்ணு நிக்கும், கேஸை ஜெயிக்கிற பாயிண்ட் மாட்டிக்கிச்சுன்னு முகத்துல சிரிப்பு வரும், அடுத்த நொடி யாரை ஜெயிக்கப் போறோம்னு உறைச்சு அந்த சிரிப்பு அப்படியே செத்துப் போகும். வசனமே இல்ல. அப்புறம் கோர்ட்ல அவர் டேட்டாவோட கையைக் கழட்டி ஜட்ஜ் முன்னாடி வைக்கிறதும், முதுகுல இருக்கிற சுவிட்சை அமுக்கினதும் டேட்டா மேஜை மேல சரியறதும், செஞ்சு முடிச்சுட்டு தலை நிமிர முடியாம ரைக்கர் தன் இடத்துக்கு வந்து உக்கார்றதும், பார்த்துக்கங்க. பிக்கார்ட் எப்படி பதில் சொல்றாருங்கிறதை நான் சொல்லப் போறதில்ல. அதுக்கு முன்னாடி கைனன்னு ஒரு பாத்திரம் (ஹூப்பி கோல்ட்பெர்க் பண்ணிருப்பாங்க) பிக்கார்ட்கிட்ட அமைதியா நாலு வார்த்தை பேசுவாங்க, கேஸ் அங்கதான் திரும்புது, அதை மட்டும் கவனிங்க.

எபிசோட் முழுக்க ஒரு சண்டை கெடையாது, வெடி கெடையாது. எழுதினவங்க மெலிண்டா ஸ்னாட்கிராஸ், முன்னாடி வக்கீலா வேலை பார்த்தவங்க. அப்படியும் சட்டப்படி பார்த்தா ஓட்டை இருக்கத்தான் செய்யுது, பிரதிவாதியோட கூட வேலை பார்க்கிறவரையே எதிர்த்தரப்பு வக்கீலா போடறதெல்லாம் எந்த ஊர் நியாயம்னு கேக்கலாம், மேடாக்ஸ் பாத்திரமும் ஆரம்பத்துல கொஞ்சம் நாடகத்தனமான வில்லன் மாதிரிதான் நடந்துக்கும். ஆனா ஸ்டார் ட்ரெக் நல்லா இருக்கிறப்ப என்ன பண்ணும்னு காட்ட இதைவிட சுத்தமான சாம்பிள் இல்ல. மேஜையைச் சுத்தி உக்காந்து எது சரின்னு மனுஷங்க வாதாடறதுதான் இந்த சீரிஸோட உயிர், விண்கப்பல் எல்லாம் அதுக்கப்புறம்தான்.

இதனாலதான் 2009 படத்தை முதல்ல வைக்க வேண்டாம்ங்கிறேன். படம் விறுவிறுப்பா போகும், நல்ல பொழுதுபோக்கு, ஆனா அதைப் பார்த்துட்டு சீரிஸுக்கு வந்தா எப்ப சண்டை வரும்னு காத்துட்டே இருப்பீங்க, இங்க அவங்க ரூம்ல உக்காந்து மீட்டிங் போட்டுட்டு இருப்பாங்க.

1966 சீரிஸ் மேல எனக்கு மரியாதை இருக்கு, மூணு சீசன், 79 எபிசோட், கிர்க், ஸ்பாக், மெக்காய்னு மூணு பேரோட கெமிஸ்ட்ரி இன்னைக்கும் வேலை செய்யுது. பிரச்சினை என்னன்னா அங்க நல்லதும் சொதப்பலும் மாத்தி மாத்தி வரும், அட்டை செட்டும் கலர் லைட்டும் பழகாத கண்ணுக்கு காமெடியா தெரியும், மூணாவது சீசன்ல பட்ஜெட்டும் வெட்டிட்டாங்க, அது நல்லாவே தெரியும். வரிசையா பாத்தே ஆகணும்னு கட்டாயமும் இல்ல, பெரும்பாலும் ஒவ்வொரு சீரிஸும் வேற இடம், வேற ஆளுங்க. பின்னாடி ஆசை வந்தா ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ பாருங்க, ரெண்டு கேப்டன்கள் நீர்மூழ்கிக் கப்பல் யுத்தம் மாதிரி ஒருத்தரை ஒருத்தர் மோப்பம் புடிக்கிற கதை, அறுபது வருஷம் ஆகப் போகுது, டென்ஷன் குறையவே இல்ல.

சரி, ‘மெஷர்’ புடிச்சுப் போச்சு, அடுத்து என்ன? நெக்ஸ்ட் ஜெனரேஷன் மொத்தம் 7 சீசன், 178 எபிசோட், 1987ல இருந்து 1994 வரைக்கும். முதல் சீசனை மூடி வைங்க. சத்தியமா சொல்றேன், நிறைய பேரு இந்த சீரிஸை விட்டுட்டு ஓடுறதே அந்த சீசனாலதான். நடிகர்களுக்கே அவங்க பாத்திரம் புடிபடலை, வசனம் பிரசங்கம் மாதிரி இருக்கும், ‘கோட் ஆஃப் ஆனர்’னு ஒரு எபிசோட் இனவெறி வாடை அடிக்கும், நடிச்சவங்களே பின்னாடி அதைத் திட்டிருக்காங்க. அங்க இருந்து ஒரே ஒரு தகவல் போதும், ‘டாஷா யார்’ங்கிற பேர்ல ஒரு பாதுகாப்பு அதிகாரி அந்த சீசன்லயே செத்துப் போயிடறாங்க. இரண்டாவது சீசன்ல ‘க்யூ ஹூ’ பாருங்க, போர்க்ங்கிற எதிரி முதல் முதல்ல வர்றது அங்கதான். அந்த சீசன் கடைசி எபிசோட் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டினது, அந்தப் பக்கமே போகாதீங்க.

மூணாவது சீசன்ல இருந்து நேரா வரிசையா போங்க. மைக்கேல் பில்லர்னு ஒருத்தர் வந்து எழுத்தாளர் குழுவைத் தூக்கி நிறுத்தினாரு, கதைகள் பாத்திரங்களைச் சுத்தி வர ஆரம்பிச்சுது, ஒடம்போட ஒட்டின அந்த அசிங்கமான யூனிஃபார்ம் கூட மாறிடுச்சு. ‘ஹூ வாட்சஸ் த வாட்சர்ஸ்’ல ஒரு பழங்கால சமூகம் பிக்கார்டைக் கடவுள்னு நம்பிடும், அவர் படற பாட்டைப் பாருங்க. ‘யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்’, ‘தி ஆஃப்ஸ்ப்ரிங்’ ரெண்டும் அடுத்தடுத்து வரும், அதுல ரெண்டாவது டேட்டா தனக்குன்னு ஒரு மகளை உருவாக்கிக்கிற கதை, ரைக்கரா நடிச்ச ஜொனாதன் ஃப்ரேக்ஸ் முதல் முதலா டைரக்ட் பண்ணினது. சீசன் ‘த பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்’ல முடியும், எங்க வந்து நிறுத்திருப்பாங்கன்னா, 1990 கோடைல இதைப் பார்த்தவங்க அடுத்த பாகத்துக்கு மாசக்கணக்கா காத்திருந்தாங்க, நீங்க ஒரு பட்டன் அமுக்கினா போதும், குடுத்து வச்சவங்க. இடையில பல்ப் வாங்கின எபிசோடும் உண்டு, கப்பல்ல ஆலோசகரா இருக்கிற டீயானா ட்ராயோட அம்மா வர்றது பலது எனக்கு ஒத்துக்கவே இல்ல, தாண்டிப் போயிடுவேன்.

இன்னொரு டிப்ஸ். சீரிஸோட முதல் எபிசோட் ‘என்கவுன்ட்டர் அட் ஃபார்பாயிண்ட்’டை முதல்ல பார்க்காம, கடைசி எபிசோட் ‘ஆல் குட் திங்ஸ்’ பார்க்கிறதுக்கு முந்தின நாள் பாருங்க. கடைசிக் கதை அதுக்கே திரும்பிப் போகுது, அப்ப அந்த சுமாரான முதல் எபிசோடே அழகா தெரியும்.

பிக்சர் குவாலிட்டி பத்தியும் சொல்லணும். நெக்ஸ்ட் ஜெனரேஷனை ஃபிலிம்ல ஷூட் பண்ணி வீடியோ டேப்ல எடிட் பண்ணிருந்தாங்க, பின்னாடி மூல நெகட்டிவ்களைத் தேடி எடுத்து, எபிசோட் எபிசோடா திரும்ப எடிட் பண்ணி ஹெச்டி ஆக்கினாங்க, அதனால பெரிய டிவிலயும் பளிச்னு இருக்கும். ‘டீப் ஸ்பேஸ் நைன்’, ‘வாயேஜர்’னு பின்னாடி வந்த ரெண்டு ஸ்டார் ட்ரெக் சீரிஸுக்கும் அந்த குடுப்பினை இல்ல, பழைய டேப் தரம்தான், முதல் ரெண்டு மூணு எபிசோட் கண்ணை உறுத்தும்.

பழைய படமே ஆகாதுன்னு சொல்றவங்களுக்கு 2022ல ஆரம்பிச்ச ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’. சீசனுக்கு பத்து எபிசோட், ஒவ்வொண்ணும் தனிக்கதை, கேப்டன் பைக்கா வர்ற ஆன்சன் மவுன்ட்டைப் பார்த்தா இவர் கப்பல்ல ஒரு வேலை கெடைக்காதான்னு தோணும். நல்ல வாசல்தான், மறுக்கல. ஆனா ஸ்பாக் மாதிரி பழைய ஆளுங்களை இளவயசுல காட்டறதுதான் அதோட சுவாரஸ்யத்துல பாதி, அந்த பாதி புதுசா வர்றவங்களுக்குப் புரியாது. வீட்ல சின்னப் பசங்க இருந்தா ‘ப்ராடிஜி’ போடுங்க, அதுல வர்ற பசங்களுக்கே ஸ்டார்ஃப்ளீட்னா என்னன்னு தெரியாது, அவங்களோட சேர்ந்து நாமளும் கத்துக்கலாம். ‘லோயர் டெக்ஸ்’ கார்ட்டூன்னு நினைச்சு அதுல ஆரம்பிச்சுடாதீங்க, ஜோக் எல்லாமே மத்த சீரிஸ்கள் மேல, உங்களைத் தவிர எல்லாரும் சிரிப்பாங்க.

அரசியல், போர், மதம், கறை படிஞ்ச மனுஷங்கன்னு நீளமான ஒரே கதை வேணும்னா டீப் ஸ்பேஸ் நைன்தான் எல்லாத்துலயும் ஒசத்தி, இதுல நான் யார் கூட வேணா சண்டை போடுவேன். ஆனா அதை ரெண்டாவதா வைங்க, ஏன்னா அதோட முதல் காட்சியே ‘பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்’ல நடந்த சண்டைக்குள்ளதான் தொடங்குது, பிக்கார்ட் மேல கதாநாயகன் சிஸ்கோவுக்கு ஏன் அவ்வளவு கோபம்னு தெரிஞ்சு பார்க்கிறது வேற அனுபவம். முதல் சீசன் இழுக்கும், ‘டூயட்’ வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு உக்காருங்க. அதுக்கும் அசையலைன்னா விட்டுடலாம், தப்பில்ல.